வேலியாக நின்ற அலுமாரிகள்

காலை ஏழு பத்துக்கு நான் முதலில் கண்டது விறாந்தையில் நின்ற பிரிட்ஜ்.

அது ஓடிக்கொண்டிருந்தது. வயர் யன்னல் கம்பிக்கு ஊடாகப் பதினான்காம் அறைக்குள் போயிருந்தது. கதவு திறந்துவிடாதபடி சுற்றி ஒரு நீலச் சால்வை கட்டியிருந்தது. முந்தின நாள் அந்தச் சால்வையை, அந்த அறையில் வேலை செய்யும் தர்சினியின் தோளில் பார்த்திருந்தேன். இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. பிரிட்ஜை இழுத்த கோடுகள் விறாந்தைச் சீமெந்தில் ஈரத்தோடும் தெளிவாகத் தெரிந்தன.

நிர்வாகப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவரை அவருடைய இடத்திலிருந்து எழுப்பப் போகிறார்கள் என்றால் கடிதம் எதுவும் வராது. விறாந்தையில் ஒரு தளபாடம் வந்து நிற்கும். ஆகவே காலையில் கதிரையில் போய் இருக்காமல் முதலில் கட்டிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

எனது பதவியின் பெயர் நீளமானது. வேலை சுருக்கமானது: யாருக்கு எந்த அறை, எந்த மேசை, எந்த ஆய்வுகூடம் என்று பங்கிட்டுக் கொடுப்பது. பதவி உயர்வு பிந்தியதற்குக் கோபித்தவர்கள் அடுத்த மாதம் சிரித்துக் கதைத்தார்கள். யன்னலோர மேசை பறிபோனதற்குக் கோபித்த ஒருவர் ஓய்வு பெறும்வரை என்னோடு கதைக்கவில்லை. பிரியாவிடை விருந்தில்கூட எனக்குப் பக்கத்தில் இருந்தவரிடம்தான் உப்புக் கேட்டார். உப்பு எனக்கு முன்னால் இருந்தது.

இந்த வேலைக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் இடம் பங்கிடுகிற வேலைதான். பக்கம் முடித்த பிறகு மரண அறிவித்தல் வரும். அமைச்சரின் பேச்சைத் தூக்குவதா, விளையாட்டுச் செய்தியைத் தூக்குவதா என்று நான் தடுமாறி நின்றபோது, பக்கங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டார்: "அமைச்சர் நாளைக்கும் உயிரோடை இருப்பாரே? அப்ப அவரை நாளைக்குப் போடும். செத்தவீடு இண்டைக்கு." இடம் பங்கிடுவதைப் பற்றி நான் படித்தது அவ்வளவுதான். எது முதலில் பழுதாகும் என்று பார்க்க வேண்டும். யார் பெரியவர், யார் முதலில் கேட்டவர் என்பதெல்லாம் பிறகு.

பதினான்காம் அறைக்குள் தர்சினி தனது போத்தல் தட்டுகளுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு ஸ்டூலில் இருந்தாள். உடுப்பிட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"சாப்பிட்டீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை மிஸ். எழும்பினால் மற்றப் பக்கத்து ஆக்கள் நடு அலுமாரியை என்ரை பக்கம் தள்ளிப்போடுவினம்."

"பிரிட்ஜை ஆர் வெளியிலை வைச்சது?"

"நேற்று நான் போன பிறகு. காலமை வந்து பாக்க விறாந்தையிலை நிக்குது. ஆரோ ஒரு புண்ணியவான் வயரையாவது குடுத்திருக்கிறார். கதவு வடிவாய்ப் பூட்டுப்படேல்லை, அதுதான் சால்வையாலை கட்டினனான்."

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான ஒரு மண்டபம். நிலையத்தில் குளிரூட்டியும் மின்பிறப்பாக்கி இணைப்பும் உள்ள ஒரே ஆய்வுகூடம். கிழக்குப் பாதி தர்சினிக்கு. அங்கே அவள் இதரை வாழையை இழைய வளர்ப்பில் பெருக்கிக்கொண்டிருந்தாள். நோயில்லாத ஒரு கிழங்கிலிருந்து நறுக்கெடுத்து, போத்தலுக்குள் ஜெலி மாதிரியான உணவில் வைத்து, வெளிச்சமும் குளிரும் கொடுத்து வளர்ப்பது. தட்டுத் தட்டாக நூற்றுக்கணக்கான போத்தல்கள். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்தில் பச்சைக் கன்றுகள். இன்னும் சில வாரத்தில் வலைக்கூடாரத்துக்குப் போக வேண்டியவை. நோய் வந்து தோட்டம் அழிந்த நீர்வேலிக் கமக்காரர் அவற்றுக்காகக் காத்திருந்தார்கள். தர்சினி ஒப்பந்த உத்தியோகத்தர். கன்றுகள் வெளியே போனால் ஒப்பந்தம் நீளும். இல்லாவிட்டால் மார்கழியோடு வீட்டுக்கு. அந்தப் பாதிக்குள் கொஞ்சம் தூசு போனால் போத்தல்களுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். குளிரும் வெளிச்சமும் இரண்டு நாள் நின்றால் கன்றுகள் சுருளும்.

மேற்குப் பாதி மண் ஆய்வுப் பிரிவின் தலைவர் கலாநிதி இராசநாயகத்துக்கு. அவர் மூன்று வருடமாக விண்ணப்பித்துப் பெற்ற கருவி அன்று கொழும்பிலிருந்து லொறியில் வந்துகொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீரில் உர உப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும் கருவி. எங்கள் குடாநாட்டில் எல்லாரும் கிணற்றைக் குடிப்பவர்கள். ஆகவே அவர் கேட்டதிலும் பிழையில்லை. கருவிக்குப் பத்து அடிக்கு ஐந்து அடி இடமும் குளிரும் வேண்டும். அவருடைய பாதியில் தராசும் மேசைகளும் நிறைந்திருந்தன.

இரண்டு பாதிகளுக்கும் நடுவே இரும்பு அலுமாரிகள். அவருடைய வரிசை மேற்கைப் பார்க்க, தர்சினிக்கு முன் இருந்தவர்கள் விட்டுப்போன வரிசை கிழக்கைப் பார்க்க, முதுகுக்கு முதுகு நின்றன. அலுமாரிகளை இன்னும் ஐந்து அடி கிழக்கே தள்ளினால் கருவி வைக்கலாம் என்பது இராசநாயகத்தின் திட்டம். தள்ளினால் தர்சினியின் போத்தல் தட்டுகளில் பாதி பிரிட்ஜுக்குப் பின்னாலேயே விறாந்தைக்குப் போகும்.

எட்டு மணிக்கு இராசநாயகம் வந்தார். நெற்றி நிறைய வீபூதி. ஒரு கையில் தேங்காயும் வெற்றிலையும் வைத்த பை, மற்றக் கையில் நாட்காட்டியில் கிழித்த தாள். பின்னால் ஆய்வுகூட உதவியாளர் சிவம் அண்ணையும் இன்னும் இரண்டு பேரும்.

"மிஸ், நல்லதாய்ப் போச்சு, நீங்களும் நிக்கிறியள். பத்து ஆறிலையிருந்து பதினொண்டேகால் மட்டும்தான் நேரம். பேந்து நேரம் சரியில்லை. அதுக்கிடையிலை சாமான் உள்ளை போகவேணும்."

"பிரிட்ஜ் ஏன் சேர் வெளியிலை நிக்குது?"

"அலுமாரிக்குக் குறுக்கை நிண்டது. வயர் குடுத்துத்தானே வைப்பிச்சனான். நான் என்ன கொலைகாரனே?"

புண்ணியவான் யாரென்று தெரிந்தது. தர்சினி நிலத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குப் பட்டது.

"அனுமதி ஆர் தந்தது?"

"பணிப்பாளரைக் கேட்டனான். 'பாப்பம்' எண்டவர்."

"எனக்கும் பணிப்பாளர் 'ஒண்டுக்கும் பயப்பிடாதையும்' எண்டவர்" என்றாள் தர்சினி.

பணிப்பாளர் கொழும்பில் ஒரு கூட்டத்தில் இருந்தார். தொலைபேசியில் பிடித்தேன். நிலைமையைச் சொன்னேன். பின்னால் யாரோ ஆங்கிலத்தில் உரையாற்றுவது கேட்டது. "நீங்கள் நிலைமையைப் பாத்துச் செய்யுங்கோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தார். ஆக மூன்று பேருக்கும் மூன்று வசனம் கிடைத்துவிட்டது. ஒருவருக்கும் அறை கிடைக்கவில்லை. மேலிடத்தின் நல்ல சொல்லை நீங்கள் ஒதுக்கீடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சதுர அடி சொல்லாத வாக்குறுதியில் ஒரு ஸ்டூல்கூடப் போட முடியாது.

நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குந்தினேன். அளந்தால் ஆட்கள் கொஞ்சம் அமைதியாவார்கள். அதோடு, குந்தினால்தான் நிலம் தெரியும். அலுமாரிக் கால்களுக்கு மேற்கே சீமெந்தில் துருப்பிடித்த வட்டங்கள் இருந்தன. ஒரு வரிசை அல்ல, நாலு வரிசை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஒவ்வொரு சாண் இடைவெளியில், மேற்கிலிருந்து கிழக்கே வந்திருந்தன.

எங்கள் பக்கத்தில் வேலி அடைப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பழைய ஓலைக் கிடுகைக் கழற்றிப் புதுக் கிடுகு கட்டும் நாளில், வேலி தாங்கும் கதியால் தடிகளில் உக்கினதைப் பிடுங்கிப் புதுக் கதியால் நடுவார்கள். அந்தப் புதுக் கதியால் பழைய குழியிலேயே போய் நிற்கும் என்பதற்கு ஒரு சட்டமும் இல்லை. அதனால்தான் எங்கள் நீதிமன்றங்களில் காணி வழக்குகளுக்குக் குறைவில்லை.

சிவம் அண்ணை எனக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தார். "கதியால் போட்ட மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

"நிலம் கூட்டேக்கை நகர்ந்திருக்கும்" என்றார் இராசநாயகம்.

"வருசா வருசம் ஒரே பக்கமாய்த்தான் கூட்டுறவையோ சேர்?" என்று தர்சினி கேட்டாள்.

"பிள்ளை, நீர் வாழையைப் பாரும்."

"அதைப் பாக்கத்தான் சேர் இடம் கேக்கிறன்."

ஒன்பதே முக்காலுக்கு லொறி வந்தது. வானம் மறுபடி இருண்டிருந்தது. சாரதிக்கு அன்றே கொழும்புக்குத் திரும்ப வேண்டும். ஹோன் அடித்துக்கொண்டே வந்தார். பெட்டியைப் பார்த்ததும் இன்னொரு சிக்கல் தெரிந்தது. மேற்குக் கதவு ஒற்றைக் கதவு. பெட்டி அதற்குள் போகாது. தர்சினியின் பக்கத்துக் கிழக்குக் கதவால்தான் போக வேண்டும். கொழும்பிலிருந்து வந்த தூசு முழுவதும் போத்தல் தட்டுகளைக் கடந்து போகும்.

"கிழக்கு வாசல்தான் நல்லது. சாத்திரமும் அதைத்தான் சொல்லுது" என்று இராசநாயகம் தேங்காயை வெளியே எடுத்தார். அவருடைய ஆட்கள் அலுமாரியில் கை வைத்தார்கள். தர்சினி ஸ்டூலை விட்டு எழுந்து தட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

முடிவெடுக்க எனக்கு இருந்தது அந்த லொறியின் பின்கதவு திறக்கிற நேரம்தான். எது முதலில் பழுதாகும் என்று பார்த்தேன். கருவி பெட்டிக்குள் இருக்கும்வரை சாகாது; மழை படாமல் விறாந்தையில் ஒரு வாரம் நிற்கும். போத்தல்கள் இரண்டு நாள் தாங்காது.

"பெட்டியை விறாந்தையிலை இறக்குங்கோ. படங்கு போட்டு மூடுங்கோ. அலுமாரியிலை இருந்து கையை எடுங்கோ" என்றேன்.

இராசநாயகத்தின் முகம் மாறியது. "மிஸ், நேரம் தப்பினால் பிறகு தை மாதம்தான் நாள். உங்களுக்கு உது விளங்காது. நீங்கள் வேதம்."

அவர் கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தக் கோபத்தில் வழியும் இருந்தது. நான் வட்டுக்கோட்டையில் வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் சைவ வீடுகள். புது வீட்டுக்குக் குடிபூரும் சடங்குகள் எத்தனைக்குச் சின்ன வயதிலிருந்து போயிருக்கிறேன்.

"சேர், உங்கடை வீடு குடிபூரேக்கை கட்டிலும் அலுமாரியும் நல்ல நேரத்துக்கோ உள்ளை போனது?"

"இல்லை. அது பின்னேரம் போனது."

"நல்ல நேரத்துக்கு என்ன போனது?"

"விளக்கும் நிறைகுடமும் உப்பும்."

"அப்ப இண்டைக்கும் அப்பிடிச் செய்வம். மெஷின்ரை ஒரு சின்னப் பாகம் நேரத்துக்குப் போகட்டும். மிச்சம் ஆறுதலாய்ப் போகலாம்."

சிவம் அண்ணை தலையாட்டினார். லொறிச் சாரதி மணிக்கூட்டைப் பார்த்தார். இராசநாயகம் நாட்காட்டித் தாளை இன்னொரு முறை வாசித்தார், அதில் இதற்குத் தடை எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவர் போல. பிறகு, "கீபோர்ட் போதுமே?" என்றார்.

கீபோர்ட் தனிச் சிறு பெட்டியில் வந்திருந்தது. தேங்காய் விறாந்தையில் உடைந்தது. கிழக்கு வாசலில் தர்சினி நின்றாள்.

"சேர், செருப்பைக் கழட்டுங்கோ."

"கழட்டாமல் ஆர் போவான்?"

"கையை ஸ்பிரிற்றாலை துடையுங்கோ. இந்தக் கோட்டைப் போடுங்கோ. தலைக்கு இந்தத் தொப்பி."

"எனக்கு மாப்பிள்ளைக் கோலமே?"

"தலைப்பாகை இல்லை சேர். உதோடை சமாளியுங்கோ."

பத்து எட்டுக்கு இராசநாயகம் வெள்ளைத் தொப்பியோடு, இரண்டு கையிலும் கீபோர்ட்டை ஏந்தி, வலது காலை முன்வைத்துப் பதினான்காம் அறையின் கிழக்குப் பாதிக்குள் போனார். அந்த மண்டபத்தில் இருந்த காலம் முழுவதும் அவர் அந்தப் பாதிக்குள் வந்ததில்லை. அலுமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமுவதோடு சரி.

போத்தல் தட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"உது இதரையே?"

"ஓம் சேர்."

"எல்லாம் ஒரு கிழங்கிலை இருந்தோ?"

"ஒரு கிழங்கு. நீர்வேலியிலை எடுத்தது."

அவர் புத்தூர்த் தோட்டக்காரரின் மகன். ஒரு போத்தலுக்குக் கிட்டக் குனிந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வேரைப் பார்த்தார். கீபோர்ட்டைச் சிவம் அண்ணை அதற்குள் வாங்கி வைத்திருந்தார். "வேர் நல்லாய் ஓடியிருக்கு" என்றார் இராசநாயகம். தர்சினி அன்று முதல்முறையாக முழுதாகச் சிரித்தாள்.

நல்ல நேரம் முடிந்தது. லொறி போய்விட்டது. பெட்டி விறாந்தையில் படங்குக்குள் இருந்தது. இனி அவசரம் இல்லை என்றதும், யாரும் எதிர்பார்க்காத ஒன்றை நான் கேட்டேன். அலுமாரிகளைத் திறந்து காட்டச் சொன்னேன்.

இடத்துக்குச் சண்டை பிடிப்பவர்கள் இரண்டு பக்க நிலத்தையும்தான் அளப்பார்கள். நடுவில் நிற்பதை ஒருவரும் அளப்பதில்லை. அலுமாரி ஒவ்வொன்றும் ஒன்றரை அடி ஆழம். இரண்டு வரிசைக்கு மூன்று அடி. முதுகுக்கும் முதுகுக்கும் இடையில் ஒருவரும் போகாத இரண்டு அடிச் சந்து. மொத்தம் ஐந்து அடி, மண்டபத்தின் அகலம் முழுவதற்கும்.

உள்ளே இருந்தவற்றைச் சொல்கிறேன். இராசநாயகத்தின் வரிசையில்: கைப்பிடி உடைந்த மூன்று குடை, ஒரு தட்டச்சுப் பொறி, பாவிக்காத ஒரு தராசு, யாரோ ஒருவரின் ஓய்வுபெறும் விழாவுக்கு வாங்கிவிட்டுக் கொடுக்க மறந்த குத்துவிளக்கு, மண் நிரப்பிய தகர ரின்கள். மண் எந்த ஊர் மண் என்று எழுதிய துண்டுகளைக் கறையான் தின்றிருந்தது. மற்ற வரிசையில்: வெற்று மாப் போத்தல்கள், சரஸ்வதி பூசைக் கடதாசிப் பூ, ஓடாத சுவர்க் கடிகாரம்.

"சேர், உந்தத் தராசைத்தான் முந்தி அந்தப் பக்கம் இருந்தவை காணேல்லை எண்டு எழுதிக் குடுத்தவை" என்றார் சிவம் அண்ணை.

"உது என்னெண்டு என்ரை பக்கம் வந்தது?"

"அது வரேல்லை சேர். அது நிண்ட இடத்திலைதான் நிக்குது. வேலிதான் தாண்டிப் போனது."

இராசநாயகம் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க. நாங்கள் எல்லாரும் அதற்காகவே காத்திருந்தவர்கள் போலச் சேர்ந்து சிரித்தோம்.

ஆனால் வேலியை எடுத்தால் போதாது. கருவி ஓடும்போது ஆட்கள் வந்து போவார்கள், காற்று அசையும், தூசு எழும்பும். தர்சினி கன்றைப் போத்தல் மாற்றும்போது காற்றே அசையக் கூடாது. இராசநாயகம் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே அறைக்குள்ளை இரண்டு வேலை ஏலாது, மிஸ். ஒருத்தருக்கு ஒருத்தர் இடைஞ்சல்."

"சேர், உங்கடை தோட்டக் கிணறு எத்தினை பங்கு?" என்று தர்சினி கேட்டாள்.

"ஆறு."

"எங்கடை நாலு. கிணத்துக்கு நடுவிலை ஆரும் வேலி போட்டவையே? முறை வைச்சுத்தானே இறைக்கிறது."

"கிணறு கதைக்காது, பிள்ளை. நீர் கதைக்கிறீர்."

"முறை தந்தால் கதைக்கமாட்டன் சேர்."

அப்படித்தான் முடிந்தது. விடியலிலிருந்து மத்தியானம் வரை கன்றுகளின் முறை. அப்போது மேற்குப் பாதியில் ஒருவரும் நடமாடுவதில்லை. மத்தியானத்துக்குப் பிறகு கருவியின் முறை. நடுவில் தடித்த பிளாஸ்ரிக் திரை. மண்ணை இடிப்பது, அரிப்பது எல்லாம் வெளியே, பழைய களஞ்சியத்தில். நான் எழுதி, இருவரும் கையெழுத்து வைத்து, கதவில் ஒட்டினோம். பணிப்பாளர் கொழும்பிலிருந்து வந்து அதை வாசித்துவிட்டு, "நான் சொன்ன மாதிரியே செய்திருக்கிறியள்" என்றார்.

அலுமாரிகள் அன்று பின்னேரமே களஞ்சியத்துக்குப் போயின. தட்டுகளைத் துணியால் மூடி, பெட்டியை வெளியே பிரித்துத் துடைத்து, இரண்டு நாள் கழித்துக் கருவியை உள்ளே கொண்டுபோனோம். முன்பு அலுமாரிகள் நின்ற கீற்றில் அது சரியாகப் பொருந்தியது. பிரிட்ஜ் பழைய இடத்துக்குத் திரும்பியது. நீலச் சால்வையைத் தர்சினி கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

சில போத்தல்களில் பூஞ்சணம் பிடித்தது. அது எந்த மாரிகாலத்திலும் பிடிப்பதுதான். மற்றக் கன்றுகள் வலைக்கூடாரத்துக்கும், அங்கிருந்து நீர்வேலிக்கும் போயின. தர்சினியின் ஒப்பந்தம் நீண்டது; இப்போது அவள் நிரந்தர உத்தியோகத்தர். நீங்கள் அவளிடம் ஏதும் அறைக் கணக்குக் கேட்கப் போனால் அளவு நாடாவை மறக்காமல் கொண்டுபோங்கள். அவளிடமும் ஒன்று இருக்கிறது.

வலைக்கூடாரத்தில் மிஞ்சியதில் ஆறு கன்றுகளை அவள் இராசநாயகத்துக்குக் கொடுத்தாள். அவர் எனக்கு முந்தியே ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் அவருடைய மகளின் கலியாணத்துக்குப் புத்தூருக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது வீட்டு வளவின் தெற்கு வேலியைப் பார்த்தேன். வேலி புதுக் கிடுகால் அடைத்திருந்தது. அவர் வேலிக்குத் தன் பக்கமாக நட்டிருந்த ஆறு இதரையும் நன்றாக வளர்ந்து, ஒன்று குலை தள்ளியிருந்தது. அவற்றில் இரண்டு பக்கத்து வளவுக்குள் நிற்கின்றன.